கழுதை என்றால் கெட்ட வார்த்தையா

காய்கறி மொத்த மார்க்கெட்டில் அவரை எல்லோரும் வெண்கலம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஏலக்காரர். தக்காளியோ வெங்காயமோ உருளைக்கிழங்கோ, லாரியிலிருந்து எது இறங்கினாலும் மூட்டை மேல் ஏறி நின்று அவர் விலை கூவ ஆரம்பித்தால், மார்க்கெட்டின் அந்தக் கோடியில் லாரிக்கு அடியில் படுத்துத் தூங்குகிற டிரைவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். மைக் வாங்கித் தருகிறோம் என்று வியாபாரிகள் சொன்னபோது, "பாவம்யா மைக், அதுக்குக் காது வலிக்கும்" என்று சொல்லிவிட்டார்.

குரல் மட்டுமா, வாயும் அப்படித்தான். திட்டாமல் ஏலம் விட அவருக்குத் தெரியாது. விலை ஏற்றாதவனை மூதேவி என்பார். ஏற்றியவனைத் திருட்டுப்பயலே என்பார். கடைசி விலை கேட்டு மூட்டையைத் தூக்கிப் போகிறவனுக்கு எருமைமாடு என்று பட்டம் கிடைக்கும். ஒருத்தனுக்கும் கோபம் வராது. திட்டு வாங்காதவன்தான் சாயங்காலம் வந்து நிற்பான். "என்னண்ணே, எம்மேல ஏதாவது வருத்தமா? இன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லலையே."

வீட்டிலும் அதே வாய்தான். மனைவிக்கு அவர் வைத்த பெயர் 'இந்தா'. ஒரே மகளுக்கு 'கழுதை'. பிறந்த அன்றைக்கு நர்ஸ் கையிலிருந்து வாங்கி, "அடி கழுதை, வந்துட்டியா" என்று அவர் கேட்டதுதான் அந்தப் பிள்ளை காதில் விழுந்த முதல் பேச்சு. அவளுக்கு நல்லதாக ஒரு பெயர் உண்டு. பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் இருக்கிறது. அந்தப் பெயரை அவர் வாயில் எடுத்தால் வீட்டில் இடி விழப் போகிறது என்று அர்த்தம். சின்ன வயதில் ஒரு நாள் அவருடைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டாள். அவர் வாசலில் நின்று அவளை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்தவளை வெளியே இழுக்க அம்மாவுக்கு அரை நாள் ஆனது.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது.

முதலில் கரகரப்பு. கத்திக் கத்தி இப்படி ஆகிவிட்டது என்று வெந்நீர் குடித்தார். பிறகு டாக்டர் உட்காரவைத்துச் சொன்னார். குரல்வளையை எடுத்தாக வேண்டும். உயிருக்குப் பயம் இல்லை, ஆனால் பேச்சு இருக்காது. வெண்கலம் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மனைவி பக்கம் திரும்பி, "இந்தா, உனக்கு விடிஞ்சிருச்சு போ" என்றார். அவள் சிரிக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு பெண்ணை வரச் சொன்னார்கள். பேச்சு போனவர்களுக்காக ஒரு ஆப் செய்திருந்தாள். பக்கவாதத்தில் வாய் கட்டிப்போன தன் அம்மாவுக்காக ஆரம்பித்த வேலை அது. அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் அவள் அதை விடவில்லை. போகப்போகிற குரலை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொண்டால், பிற்பாடு போனில் எழுதுவதை அந்தக் குரலே பேசும். அடிக்கடி சொல்கிற வார்த்தைகளைக் கட்டம் கட்டமாக வைத்துக்கொள்ளலாம். தொட்டால் போதும்.

ஆஸ்பத்திரியில் துணி அடுக்குகிற அறையில், எதிரொலி வராமல் சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டு, அவரை உட்காரவைத்து ஒரு தாளைக் கொடுத்தாள். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். 'எனக்குத் தண்ணீர் வேண்டும். நான் நலமாக இருக்கிறேன். தங்கள் உதவிக்கு நன்றி.'

படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "ஏம்மா, நான் எப்ப இப்படிப் பேசினேன்? எம்பொண்டாட்டி கேட்டா எவனோ வேத்து ஆளுன்னு கதவைச் சாத்திருவா."

"அப்ப வீட்ல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க ஐயா."

அவர் பேசினார். மூட்டை அவிழ்ந்து வெங்காயம் உருள்கிற மாதிரி வந்து விழுந்தது. அடி கழுதை. போடா எருமைமாடு. திருட்டுப்பயலே. மூஞ்சியைப் பாரு, போக்கிரி. உன்னைக் கடிச்சுத் தின்னுடுவேன். ஆப்புக்காரப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் சிரிப்பும் சேர்ந்து பதிவாகிவிட்டதால் பாதியை மறுபடி பேசவேண்டி வந்தது. அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் பேசக் கிடைத்ததே.

ஆபரேஷன் முடிந்தது. கழுத்தில் ஒரு துளை, மூச்சு அதன் வழியாகத்தான். மேலே ஒரு மெல்லிய துணி. வீட்டுக்கு வந்து அவர் முதல் கட்டத்தைத் தொட்டபோது, "இந்தா, காப்பி எங்க?" என்று போன் கேட்டது. குடத்துக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தாலும் அவர் குரல்தான், சந்தேகமே இல்லை. மனைவி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். வெளியே வரும்போது முகம் கழுவியிருந்தது. "வந்துட்டாருப்பா மகராசன். ரெண்டு வாரம் நிம்மதியா இருந்தேன்."

அதற்கப்புறம் அவருக்குப் பேத்தி பிறந்தாள்.

மகள் சில மாதம் இருக்கலாம் என்று குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்தாள். அந்தக் குழந்தையைப் பற்றி என்ன சொல்வது. கைவிரல் அத்தனையும் சேர்த்தால் ஒரு வெண்டைக்காய்ப் பிஞ்சு கனம் இருக்காது. தும்மினால் அதுவே பயந்து போய் எல்லோர் முகத்தையும் பார்க்கும். வெண்கலத்துக்கு மார்க்கெட் மறந்தது, கட்டி மறந்தது, கழுத்துத் துளை மறந்தது. நாள் முழுக்க அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "அடி கழுதைக்குட்டி" என்று கட்டத்தைத் தொட்டுக்கொண்டிருப்பார்.

ஒரே ஒரு குறை. குரல் வந்தால் குழந்தை போனைத்தான் பார்த்தது. தாத்தாவைப் பார்க்கவில்லை. அவர் முகம் வாடியதைப் பார்த்து, மனைவி அவருடைய சட்டைகளில் நெஞ்சுக்கு மேலே, கழுத்துப் பட்டியை ஒட்டி, ஒரு பை வைத்துத் தைத்தாள். போன் அதற்குள் போனது. கட்டத்தைத் தொடுவதற்குத் துணியில் ஒரு சன்னல். இப்போது குரல் நெஞ்சிலிருந்து வந்தது. குழந்தை பையைப் பார்க்கும், அங்கிருந்து மெதுவாக மேலே ஏறி முகத்துக்கு வரும். வந்து நின்று ஒரு சிரிப்பு. இதுபோதும் என்று இருந்தார்.

ஒரு காலையில் எழுந்து பார்த்தால் போன் தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. படங்கள் எல்லாம் பளபளவென்று இருந்தன. ஆப் மட்டும் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. தொட்டால், 'இந்தச் செயலி இந்தக் கருவியில் இனி இயங்காது' என்றது.

அவர் கை தட்டினார். வீட்டில் ஆளைக் கூப்பிட வேறு வழி இல்லை. மனைவி ஓடிவந்து பார்த்துவிட்டு ஆப்புக்காரப் பெண்ணைப் போனில் பிடித்து, சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேம்மா" என்றாள் அந்தப் பெண். "போன் கம்பெனி போனோட உள்பக்கத்தை மாத்திட்டாங்க. பழைய ஆப் அதுல உக்காராது. புதுசு செஞ்சு அனுப்பிட்டேன். ஆனா எந்த ஆப்பா இருந்தாலும் அவங்க கடை வழியாத்தான் போனுக்குள்ள வரணும். இந்தப் போனுக்கு வேற வாசலே கிடையாது. அவங்க பார்த்துட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க."

"ஏனாம்?"

"கெட்ட வார்த்தை இருக்காம்."

வெண்கலம் தன் வெள்ளைப் பலகையை எடுத்து 'எது' என்று எழுதிக் காட்டினார். மனைவி அதைக் கேட்டாள்.

ஆப்புக்காரப் பெண் தயங்கினாள். "தப்பு என்னுதுதாம்மா. ஐயா பேசினது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அதனால 'கொஞ்சல்'னு ஒரு கட்டம் போட்டு, அந்த வார்த்தையெல்லாம் எல்லாருக்கும் பொதுவா வெச்சேன். படுக்கையில இருக்கற ஒரு அம்மா, தன் பையனைக் கூப்பிட அது வேணும்னு கேட்டாங்க. இப்ப கம்பெனியோட மிஷின் அதைப் படிச்சுட்டு அறிக்கை அனுப்பியிருக்கு. வாசிக்கறேன் கேளுங்க. கழுதை: விலங்கின் பெயரால் இழிவுபடுத்துதல். எருமைமாடு: மேற்படி. திருட்டுப்பயலே: ஆதாரமின்றிக் குற்றம் சுமத்துதல். உன்னைக் கடிச்சுத் தின்னுடுவேன்: உடலுக்குத் தீங்கு விளைவிப்பதாக மிரட்டல். மிரட்டப்படுபவர் குழந்தையாக இருக்கலாம்."

மனைவி சொன்னாள், "ஆப்புக்கே ஆப்பு வெச்சுட்டானுங்களா?"

மகள் உள்ளேயிருந்து குழந்தையோடு வந்தாள். "அம்மா, அப்பா மிரட்டல் பேர்வழின்னா, நான் இத்தனை வருஷம் யார்கிட்ட மாட்டிக்கிட்டு இருந்தேன்?"

சாயங்காலம் தராசுக்காரர் வந்தார். மார்க்கெட்டில் எடை போடுகிறவர், வெண்கலத்தின் பழைய கூட்டாளி. விஷயத்தைக் கேட்டதும், "கழுதைங்கறது கெட்ட வார்த்தையா? அப்ப எம்பேரு என்னடா? முப்பது வருஷமா நீ என்னை வேற எதையும் சொல்லிக் கூப்பிட்டதில்லையே" என்றார்.

வெண்கலம் பலகையில் 'அநியாயம்' என்று எழுதினார்.

"அநியாயம்தான். ஆனா ஒண்ணு சொல்லட்டுமா, நீ மட்டும் என்ன? கேட்ல நின்னுக்கிட்டு மூட்டைக்குள்ள கைவிட்டுப் பார்த்து, அழுகல்னு எத்தனை லாரியைத் திருப்பி அனுப்பியிருக்க. மேல ரெண்டு காய் அழுகியிருக்கும், அடியில தங்கமா இருக்கும். உனக்குத் தெரியுமா?"

வெண்கலம் யோசித்துவிட்டு எழுதினார். 'என்கிட்ட வந்து கத்தலாம்ல.'

"அதைச் சொல்லு" என்றார் தராசுக்காரர். "நீ திருப்பி அனுப்பினா அவன் உன் சட்டையைப் பிடிப்பான். நீ இன்னொரு மூட்டையை அவிழ்த்துப் பார்ப்ப. இங்க பிடிக்கறதுக்கு ஒரு சட்டை இல்லையேப்பா."

மறுநாள் ஆப்புக்காரப் பெண்ணே வீட்டுக்கு வந்தாள். வந்ததும் குழந்தையை வாங்கிக்கொண்டாள். கம்பெனியைத் திட்டவும் அவளுக்கு வாய் வரவில்லை. "போன வருஷம் எவனோ என் ஆப் மாதிரியே ஒண்ணு செஞ்சு, ஜனங்களோட குரலைத் திருடறதுக்குக் கொண்டாந்தான். அந்தக் கடை வாசல்லயே பிடிச்சுத் தள்ளிட்டாங்க. ஐயா குரலை வெச்சு எவனாவது அம்மாகிட்ட பணம் கேட்டிருந்தா? காவல்காரன் வேணும். வேணும்தான். ஆனா அவனுக்கு நம்ம பேச்சு புரியமாட்டேங்குது."

அவள் சொன்ன வழி இரண்டு. கொஞ்சல் கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த வார்த்தைகளை எழுதினாலும் பேசாதபடி செய்து அனுப்பினால் சீக்கிரம் கிடைத்துவிடும். அதிலேயே அவருடைய சொந்தப் பதிவுகளும் இருப்பதால் அவையும் போய்விடும். வாதாடினால் எப்போது முடியும் என்று சொல்ல முடியாது, அதுவரை ஆப்பை நம்பியிருக்கிற அத்தனை பேரும் ஊமை. மகளுக்கோ லீவு முடியப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை ரயில்.

வெண்கலம் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்களைப் பார்த்தவர். அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. 'எடுத்துடும்மா. எல்லாருக்கும் பேச்சு வரட்டும்' என்று எழுதினார்.

மகள் அதைப் படித்தாள். குழந்தை வாய் துடைத்த துணியாலேயே பலகையை அழித்தாள். "அக்கா, முதல்ல எடுத்துட்டே அனுப்புங்க. மத்தவங்க பேசட்டும். ஆனா கொஞ்சலைக் கேட்டுத் தனியா ஒரு மனு போடுங்க. என்ன எழுதணும்னு நான் சொல்றேன்."

கொஞ்சல் இல்லாத ஆப் சொன்னபடியே சீக்கிரம் வந்தது. வெண்கலம் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். கழுதை என்று எழுதினால் ஆப் அந்த வார்த்தையைத் தாண்டிக் குதித்தது. வேறு வழி இல்லாமல் அவள் பெயரை எழுதினார். அவர் குரலில், சுத்தமாக, முழுசாக, அந்தப் பெயர் வந்தது.

மகளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. கையிலிருந்த பால் புட்டியைக் கீழே வைத்துவிட்டு, "என்னப்பா, நான் என்ன பண்ணேன்?" என்றாள்.

அவர் தலையை ஆட்டி, ஒன்றுமில்லை என்று சைகை காட்டினார். மனைவியைக் கூப்பிட, ஆப்போடு வந்த கட்டம் ஒன்றைத் தொட்டார். "இங்கே வாருங்கள்" என்றது போன்.

"யாருங்க இந்தப் பெரிய மனுஷர்?" என்றாள் அவள். "எந்த ஆபீசுலேர்ந்து வந்திருக்காரு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அவர் போனைப் பையிலிருந்து எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். குழந்தை பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அது அவர் நெஞ்சைப் பார்த்தது. பை காலியாக இருந்தது. அப்புறம் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தது.

மனுவுக்கு மகள் சொன்ன யோசனை ஒரு வீடியோ. ஆப்புக்காரப் பெண் சன்னல் பக்கம் நாற்காலி போட்டு, மகளையும் மடியில் குழந்தையையும் உட்காரவைத்துப் படம் பிடித்தாள்.

மகள் தன் பெயரைச் சொன்னாள். "எங்கப்பா இந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டது ரொம்பக் கொஞ்சம். கூப்பிட்டப்பெல்லாம் நான் அழுதிருக்கேன். கழுதைன்னு கூப்பிட்டு நான் அழுத நாள் ஒண்ணுகூட இல்ல. எனக்குக் கல்யாணம் ஆகிப் போறப்ப, கழுதை, சாப்பிட்டுப் போன்னார். எனக்குக் குழந்தை பொறந்தப்ப அவருக்குக் குரல் இல்ல, போன்தான் சொல்லுச்சு, கழுதைக்கே குட்டியான்னு. நான் அந்த வலியிலயும் சிரிச்சேன். எங்க பேச்சுல எதிரியைத்தான் மரியாதையா கூப்பிடுவோம். இதை உங்க மிஷினுக்கு யாராவது சொல்லிக்குடுங்க."

பின்னாலிருந்து அம்மா எட்டிப்பார்த்தாள். "என்னை 'இந்தா'ன்னுதான் கூப்பிடுவாரு. அதுக்கும் ஏதாவது கேஸ் இருந்தா போடுங்க, நான் சாட்சி சொல்றேன்."

"அம்மா, ரெக்கார்ட் ஆகுது."

"ஆகட்டுமே."

வீடியோ போனது. பதில் இல்லை. மகளின் பெட்டிகள் கூடத்துக்கு வந்தன. குழந்தையின் சட்டைகள் காய்ந்து மடிக்கப்பட்டன. வெண்கலம் மடித்ததையே எடுத்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் ஆப்புக்காரப் பெண் போன் செய்தாள். "ஐயா இருக்காரா? பக்கத்துல வைங்கம்மா. இந்தத் தடவை மிஷின் பார்க்கல, ஒரு மனுஷர் பார்த்திருக்காங்க. ஆணா பெண்ணான்னு தெரியல, பேர் போடல. பொதுக் கட்டத்துல அந்த வார்த்தை கூடாதாம், அது அவங்க சட்டமாம். ஆனா ஒருத்தர் சொந்தக் குரல்ல பேசி, சொந்தப் போன்ல வெச்சுக்கறது அவரோட பேச்சு, அதுல நாங்க கை வைக்கமாட்டோம்னு எழுதியிருக்காங்க. கட்டில்ல இருக்கற அந்த அம்மாவுக்கு அவங்க பழைய வீடியோவுலேர்ந்து குரலை எடுத்து நான் தனியா வெச்சுக்குடுத்துடுவேன். கடைசியில ஒரு வரி போட்டிருக்காங்க ஐயா. குழந்தைக்கு எங்கள் அன்பு, அப்படின்னு."

வெண்கலம் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். யாரைப் பார்த்து என்று அவருக்கே தெரியவில்லை. டாக்டரையா, கம்பளி தொங்கவிட்ட இந்தப் பெண்ணையா, எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து முன்பின் தெரியாத ஒரு வீட்டு வீடியோவைக் கடைசி வரை பார்த்த அந்தப் பேர் தெரியாத மனுஷரையா. எல்லோருக்கும் சேர்த்துத்தான் இருக்கும்.

ஆப் வந்து இறங்கியது. கட்டம் வந்தது. அவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளறைக்கு ஓடினார். வாசலில் மனைவி மறித்துக்கொண்டாள்.

"இப்பத்தான் கண்ணை மூடிச்சு. எழுப்பினீங்க, நடக்கறதே வேற."

பேச்சு வந்த மனுஷன் பேச முடியாமல் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். குழந்தை தூங்கியது. தூக்கத்தில் உதட்டைச் சப்பியது. மனைவியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது, ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

ஒருவழியாகக் குழந்தை நெளிந்தது, முகத்தைச் சுருக்கியது, வீறிட்டது. அவர் கட்டத்தைத் தொட்டார்.

"அடி கழுதைக்குட்டி."

அழுகை நின்றது. குழந்தை நெஞ்சுப் பையைப் பார்த்தது. மேலே ஏறி முகத்தைப் பார்த்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரிக்கப் போகிறது என்று குனிந்தார். அது இன்னும் பெரிதாக வீறிட்டது.

"பசி வந்தா தாத்தாவாவது ஒண்ணாவது" என்று மகள் வந்து தூக்கிக்கொண்டாள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையால் மூடிப் பால் கொடுக்க ஆரம்பித்தாள். வெண்கலம் முதுகைக் காட்டிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பி நின்றார். ஆனால் கை சும்மா இருக்கவில்லை.

"திருட்டுப்பயலே" என்றது நெஞ்சு.

முந்தானைக்குள்ளிருந்து தலை வெளியே வந்து குரல் வந்த பக்கம் பார்த்தது. மகள் அதைத் திருப்பி உள்ளே விட்டாள்.

"மூஞ்சியைப் பாரு, போக்கிரி."

தலை மறுபடியும் வெளியே வந்தது. வாயோரம் பால் வழிய, இந்தத் தடவை சிரிப்பும் இருந்தது. மகள் மறுபடி உள்ளே விட்டாள்.

"உன்னைக் கடிச்சுத் தின்னுடுவேன்."

"அய்யோ, அப்பா" என்றாள் மகள், "கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்கீங்களா? அவ குடிக்கவே மாட்டேங்கறா."

ஆபரேஷனுக்கு அப்புறம் அவரை வாயை மூடச் சொன்ன முதல் ஆள் அவள்தான். வெண்கலம் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். பிறகு மகள் சொன்னபடியே, ரொம்பச் சந்தோஷமாக, வாயை மூடிக்கொண்டார்.